ஏற்றத்தில் தெரியும் கியர்பாக்ஸ்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டரில். இடையிலுள்ள 40 கிலோமீட்டரில் பாலங்களைத் தவிர்த்தால் சொல்லிக்கொள்ளும்படி மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சூளகிரியைத் தாண்டி மேலுமலைக்கு வந்த பிறகுதான் தேசிய நெடுஞ்சாலை 44 சரிகிறது. கிருஷ்ணகிரிக்குள் நுழையும்போது சுமார் 400 மீட்டர் கீழே இறங்கியிருப்போம். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிப் பக்கம் போனால் மலைப்பாதை. சேலம் வழியாக ஏற்காடு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆக, இந்த வட்டாரத்தில் பழைய கார் வாங்குகிறவர் வண்டியை ஓட்டிப் பார்ப்பது பெரும்பாலும் பெங்களூருச் சமதளத்தில்; வாங்கிய பின் குடும்பத்தோடு போவது மேட்டுக்கும் இறக்கத்துக்கும். கையால் கியர் போடும் வண்டியானால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டோமேட்டிக்கானால் முதலில் யோசிக்க வேண்டியதே இதைத்தான்.

ஜுஜுவாடி எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி. அங்கே ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை காரை மாற்றுகிறார்கள். அவர்கள் கழித்துவிடும் வண்டிகள் கே.ஏ. 51, கே.ஏ. 01 என்ற எண்களோடு ஓசூருக்கு வருகின்றன. வாங்குகிறவர்கள் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள், சின்னத் தொழிற்கூடம் நடத்துகிறவர்கள், தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள். இது இரும்பு அறிந்த ஊர். கியர் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிற்று என்று சொல்லும் ஃபிட்டரை இங்கே தேடி அலைய வேண்டாம். ஆனால் ஆட்டோமேட்டிக்கில் கிளட்சை இயக்குவது கால் அல்ல, ஒரு கன்ட்ரோல் யூனிட். அதன் கணக்கைக் காது கண்டுபிடிக்காது. அனுபவமுள்ள மெக்கானிக்கே “ஸ்கேனர் போட்டுப் பாத்துடலாம் சார்” என்று ஒதுங்கிக்கொள்ளும் இடம் இது.

விற்கிறவர் முதலில் காட்டுவது ஓடோமீட்டரை. “முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு, சிங்கிள் ஓனர்.” அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த முப்பதாயிரம் எங்கே ஓடியது? ஓசூர்–சென்னை நெடுஞ்சாலையில் ஓடிய முப்பதாயிரத்தில் கிளட்ச் பெரும்பாலும் முழுதாகப் பிடித்த நிலையில் சும்மா இருந்திருக்கும். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் தினம் ஊர்ந்த முப்பதாயிரத்தில் அதே கிளட்ச் அடிக்கு அடி வழுக்கி, சூடேறி, தேய்ந்திருக்கும். மீட்டர் சக்கரம் சுற்றியதை எண்ணுகிறது; கிளட்ச் வழுக்கிய நேரத்தை எண்ணுவதில்லை. அதை எண்ணிக் காட்டுவது ஏற்றம்தான். சங்கடம் என்னவென்றால், ஏற்றம் காட்டிக்கொடுக்கும் பழுதைத்தான் வாரண்டித் தாள்கள் பெரும்பாலும் ஒதுக்கி வைக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் வாங்குவது கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதுதான்.

ஆட்டோமேட்டிக் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இருப்பது நாலு வேறு இயந்திரங்கள். மேட்டில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். ஒன்றில் இயல்பாக இருப்பது இன்னொன்றில் பழுது. இந்தியாவில் ஆட்டோமேட்டிக்கைச் சாதாரணக் குடும்பத்தின் கைக்குக் கொண்டுவந்தது ஏ.எம்.டி. 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோவோடு வந்தது. உள்ளே இருப்பது வழக்கமான கியர்பாக்ஸ், வழக்கமான கிளட்ச் பிளேட்தான். மிதிப்பதையும் மாற்றுவதையும் ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. ஆகவே பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் மேட்டில் சற்றே பின்னால் உருள்வது பழைய ஏ.எம்.டி. வண்டிகளில் பழுது அல்ல, பிறவிக் குணம். மாருதி டிசையரின் ஏ.எம்.டி. வகைகளில் மேட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஹில் ஹோல்ட் 2020-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வண்டியை மேட்டில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பலர் அப்படிச் செய்வதில்லை. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை மேட்டில் நிற்க வைக்கிறார்கள். கிளட்ச் பிளேட்டைத் தீய்ப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அப்படி ஓட்டிய ஆளின் வண்டி நம் கைக்கு வரும்போது முதல் கியரில் வெடவெடவென்று நடுங்கும், தீய்ந்த வாடை வரும், உருள்வதும் சற்று என்ற அளவைத் தாண்டும்.

டார்க் கன்வர்ட்டர் வகை பழையது, பொறுமையானது. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் இருப்பதால் லேசான மேட்டில் பிரேக்கை விட்டாலும் வண்டி நின்றுகொள்ளும் அல்லது மெல்ல முன்னே ஊரும். இதில் பார்க்க வேண்டியது வேறு. ‘டி’யில் போட்டதும் பிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, மேட்டில் கியர் மாறும்போது எஞ்சின் மட்டும் அலறி வண்டி வேகம் பிடிக்காமல் இருக்கிறதா என்பது. சி.வி.டி.யில் எஞ்சின் அலறுவதே இயல்பு. பெல்ட்டும் இரண்டு கப்பிகளும் விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுப் பயந்து நல்ல வண்டியை விட்டுவிட்டவர்களும் உண்டு. சி.வி.டி.யில் பயப்பட வேண்டியது ஏற்றத்தில் ஒரே சீராக மிதிக்கும்போது வரும் அதிர்வுக்கும், வேகத்தோடு சேர்ந்து ஏறும் ‘ஙொய்’ என்ற சத்தத்துக்கும்.

நாலாவது டி.சி.டி. இரண்டு கிளட்ச் உள்ளது, ஓட்ட இனிமையானது, பிரச்சினைப் பட்டியலும் நீளமானது. உலர் கிளட்ச் வகை டி.சி.டி.க்கு நெரிசல் ஆகாது, மேட்டு நெரிசல் அறவே ஆகாது. ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டி இங்கே போலோ ஜிடி டி.எஸ்.ஐ. வழியாக 2013-இல் பிரபலமானது. அதே வருடம் சீனாவில் டி.எஸ்.ஜி. என்ற இந்த வகை கியர்பாக்ஸின் கோளாறுக்காக அந்நிறுவனம் 3,84,000-க்கும் அதிகமான கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

“ஆட்டோமேட்டிக்னா அப்படித்தான் சார் இருக்கும்.” பழைய கார் வியாபாரத்தில் இந்த ஒரு வாக்கியம் புதைத்திருக்கும் பழுதுகளுக்குக் கணக்கே இல்லை. இதன் பெரிய அளவிலான உதாரணம் ஆஸ்திரேலியாவில் நடந்தது. ஃபோர்டு பவர்ஷிஃப்ட் டி.சி.டி. வைத்த ஃபோகஸ், ஃபியஸ்டா, ஈகோஸ்போர்ட் கார்கள் நடுங்குகின்றன, இழுவை இழக்கின்றன என்று வாடிக்கையாளர்கள் புகார் செய்தார்கள். பலருக்குக் கிடைத்த பதில், நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்பது. அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. புகார்களை நியாயமற்ற முறையில் கையாண்டதற்காக 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இந்தியச் சந்தைக்கான ஈகோஸ்போர்ட் நம் மறைமலைநகரில் தயாரானது; 2013-இல் அறிமுகமானபோது அதிலும் ஒரு பவர்ஷிஃப்ட் வகை இருந்தது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று சொன்னாலும், கடை மூடிய கம்பெனியின் டி.சி.டி.யை வாங்குகிறவர் விலை குறைவதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

சரி, எங்கே ஓட்டிப் பார்ப்பது? ஓசூரில் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலுக்கு வண்டி ஏறும் பாதை இருக்கிறது. அதைவிடக் கடுமையான பரீட்சை எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பேஸ்மென்ட் சரிவு. எந்த நெடுஞ்சாலை ஏற்றமும் அவ்வளவு செங்குத்தாக இருப்பதில்லை. விற்கிறவர் வீடே அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் வேறெங்கும் போக வேண்டாம்.

முதல் விதி, வண்டி ஆறியிருக்க வேண்டும். நாம் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் பானெட்டைத் தொட்டாலே தெரியும். அன்று திரும்பிவிட்டு இன்னொரு காலையில் சொல்லாமல் போவது நல்லது. ஆறிய வண்டியில் ‘டி’யிலிருந்து ‘ஆர்’, ‘ஆரி’லிருந்து ‘டி’ என்று பிரேக்கை மிதித்தபடியே மாற்றினால் ஒவ்வொரு மாற்றமும் ஒரே அளவு நேரத்தில், இடிக்காமல் பிடிக்க வேண்டும். பிறகு சரிவின் நடுவில் நிறுத்த வேண்டும். காலை பிரேக்கிலிருந்து எடுத்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினால் போதும். ஹில் ஹோல்ட் உள்ள வண்டி அந்த இரண்டு விநாடி அசையாமல் நிற்கும், அதன் பிறகு விட்டுவிடும். பிடித்து வைப்பது கியர்பாக்ஸ் அல்ல, ஏ.பி.எஸ்., இ.எஸ்.பி. அமைப்பு பிரேக்கில் வைத்திருக்கும் அழுத்தம். எனவே நிற்காவிட்டால் கியர்பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன், சாவி போட்டதும் அந்த எச்சரிக்கை விளக்குகள் எரிந்து அணைகின்றனவா என்று பார்க்க வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ விளக்கைக் கழற்றியிருக்கலாம்.

பெரும்பாலானோர் செய்யாத சோதனை, ரிவர்ஸில் மேடேறுவது. சரிவின் அடியில் வண்டியின் பின்பக்கம் மேட்டை நோக்கியிருக்க நிறுத்தி, ‘ஆர்’ போட்டு நாலைந்து மீட்டர் ஏற்ற வேண்டும், நிறுத்த வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும். ஏ.எம்.டி.யிலும் உலர் டி.சி.டி.யிலும் தேய்ந்த கிளட்ச் இங்கே தப்பவே முடியாது. முன்னே போகும்போது மறைந்திருந்த நடுக்கம் ஸ்டியரிங்கில் கையை உதறும். மூன்றாம் முறைக்குள் தீய்ந்த வாடை ஏசி வழியாக உள்ளே வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். நல்ல வண்டியைப் பத்து முறை இப்படிச் செய்து பாழாக்குவதும் கூடாது. அது இன்னும் அவர் வண்டி.

அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிச் சூடான பிறகு அதே சரிவை இன்னொரு முறை பார்க்க வேண்டும். டி.சி.டி.யின் கோளாறுகள் பல சூட்டில்தான் வெளியே வரும். டாஷ்போர்டில் கியர்பாக்ஸ் சூட்டு எச்சரிக்கை வருகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். கடைசியாக பார்க்கிங். ‘பி’ உள்ள வண்டியைச் சரிவில் வெறும் ‘பி’யில் நிறுத்தினால் மொத்த எடையும் ஒரு சின்ன இரும்புக் கொக்கியில் தொங்கும், எடுக்கும்போது ‘டக்’கென்று இடிக்கும். ஏ.எம்.டி. வண்டிகள் பலவற்றில் ‘பி’யே கிடையாது, கியரில் விட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்த வேண்டும். ஆகவே ஹேண்ட் பிரேக் எத்தனையாவது ‘கிளிக்’கில் பிடிக்கிறது என்பதையும் பார்க்காமல் இறங்கக் கூடாது.

இறக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. விபத்துக்குப் பேர்போன மேலுமலைச் சரிவில் லாரிகளுக்கு நடுவே இறங்கும்போது ‘டி’யிலேயே விட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் பிரேக் காயும். மேனுவல் மோடிலோ ‘எல்’லிலோ போட்டால் கீழ் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும். போட்டும் பிடிக்காமல் தானாக மேல் கியருக்குத் தாவினால், அல்லது மேனுவல் மோட் லீவரில் மட்டும் இருந்து டாஷ்போர்டில் வராமல் இருந்தால், அது மலைக்கு ஆகாத வண்டி.

ஓட்டிப் பார்த்தது திருப்தியானாலும் ஸ்கேனரை விடக் கூடாது. பழைய எரர் கோடுகளைக் காலையில் அழித்துவிட்டு மாலையில் காட்டுவது நடக்கிறது. எரர் இல்லை என்று மட்டும் பார்க்காமல், எஞ்சினின் சுயபரிசோதனைகள் முடிந்த நிலையில் இருக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலானவை முடியாமல் இருந்தால் அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதும் இங்கே முக்கியம். 2022 செப்டம்பரில் பெங்களூரு சர்ஜாபூர் சாலைப் பக்கம் அடுக்குமாடி வளாகங்களே மூழ்கின. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் கொட்டி, நிறுத்தி வைத்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப்போனது. தண்ணீர் கண்ட கன்ட்ரோல் யூனிட் உடனே சாகாது. கனெக்டரில் பச்சை பூத்து, ஒரு வருடம் கழித்து நடுரோட்டில் நியூட்ரலில் விழும். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வரலாற்றைக் கேட்டு வாங்கினால் இதில் பாதி தெரிந்துவிடும்.

இனி வாரண்டி. “கம்பெனி வாரண்டி இருக்கு” என்பதில் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எதுவரை, எதற்கு, யாருக்கு. எதுவரை என்பது எளிது. மாருதி முன்பு 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்றிருந்ததை 2024 ஜூலை முதல் 3 வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆக்கியது. அதற்கு முன் டெலிவரி ஆன வண்டியை விற்கும் புரோக்கரும் புதிய கணக்கையே சொல்வார். காலம், கிலோமீட்டர் இரண்டில் முந்துவதே முடிவு என்பதையும் சொல்ல மாட்டார்.

எதற்கு என்பதில்தான் ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர் ஏமாறுகிறார். ஷோரூம் சான்றளித்து விற்கும் பழைய வண்டியானாலும், ஆன்லைன் நிறுவனமானாலும், “எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி” என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே பொடி எழுத்தில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பிரேக் பேட் எல்லாம் தேய்மானப் பொருள், பொருந்தாது என்று இருக்கும். கையால் கியர் போடும் வண்டிக்கு இது நியாயம். கிளட்சைத் தேய்த்தது ஓட்டுகிறவர் கால். கம்ப்யூட்டரே கிளட்சை இயக்கும் வண்டிக்கும் அதே வரியை அப்படியே போடுவது என் கணக்கில் நியாயமில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டால் அதுதான் ஒப்பந்தம். ஏ.எம்.டி. ஆக்சுவேட்டர், டி.சி.டி.யை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ், கன்ட்ரோல் யூனிட் இவற்றின் பெயர் தாளில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். டி.சி.டி. மெக்கட்ரானிக்ஸ் மாற்றினால் லட்ச ரூபாயைத் தாண்டும். “கியர்பாக்ஸ்” என்ற ஒற்றைச் சொல் அதையும் உள்ளடக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. சி.வி.டி.க்கு ஆயில் மாற்றிய பில் கேட்டு வாங்க வேண்டும்; சர்வீஸ் தவறிய வண்டிக்கு வாரண்டி மறுக்க அந்த ஒரு பில் இல்லாததே போதும்.

ரீகால் மட்டும் வேறு கதை. அதை வாரண்டியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2024 பிப்ரவரியில் எலெக்ட்ரானிக் ஆயில் பம்ப் கன்ட்ரோலர் கோளாறுக்காக ஹூண்டாய் 7,698 கிரெட்டா, வெர்னா சி.வி.டி. கார்களையும், கியா 4,358 செல்டோஸ் சி.வி.டி. கார்களையும் திரும்ப அழைத்தன. இரண்டும் 2023-இல் தயாரானவை. இப்போது செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வரும் பருவத்தில் இருக்கின்றன. சேஸிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால் அந்த வேலை முடிந்ததா என்று தெரியும். முடியாவிட்டால் காசில்லாமல் செய்து தருவார்கள்.

யாருக்கு என்ற மூன்றாவது கேள்வி எல்லைப்புறத்தில் சிக்கலாகிறது. கம்பெனி வாரண்டி வழக்கமாக வண்டியோடு போகும். எக்ஸ்டெண்டெட் வாரண்டியைப் பெயர் மாற்ற வேண்டும். அதற்குப் புது ஓனர் பெயரில் ஆர்சி கேட்பார்கள். கே.ஏ. வண்டிக்கு அந்த ஆர்சி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முதலில் கர்நாடக ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. வாங்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் அதற்கு முன் படிவம் 35 மூலம் ஆர்சியிலுள்ள கடன் பதிவை (எச்.பி.) நீக்க வேண்டும், டிராஃபிக் அபராதங்களைத் தீர்க்க வேண்டும். பிறகு ஓசூர் ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டி, வயதுக்கேற்ற தமிழக ஆயுள் வரி கட்டி, டி.என். 70 எண் வாங்க வேண்டும். அதைக் காட்டித்தான் கர்நாடகத்தில் மீதி வரியைத் திரும்பக் கேட்க முடியும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருக்கும் வண்டி எண் மாற்ற வேண்டும் என்கிறது. அந்த 12 மாதத்தைக் காட்டி “ஒரு வருஷம் அப்படியே ஓட்டுங்க சார்” என்பார்கள். அது எண்ணுக்கான கெடு. வரிக்கு மாநிலச் சட்டம் தனி, பெயர் மாற்றத்துக்கான கெடுவும் தனி. 50-ஆம் பிரிவின்படி வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். இதெல்லாம் இழுத்தடிக்கும் மாதங்களிலும் வாரண்டி கரைந்துகொண்டுதான் இருக்கும்.

யாரிடம் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து பிற்பாடு போய் நிற்கும் இடமும் மாறுகிறது. பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், தங்கள் வசமுள்ள வண்டிக்கு ஓனராகவே கருதப்படுவார்கள் என்ற மத்திய விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வண்டி எதற்காகச் சாலைக்குப் போயிற்று என்று அவர்கள் பதிவேடு வைக்க வேண்டும். வாங்க வருபவரின் சோதனை ஓட்டம் அனுமதிக்கப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆகவே “மேட்டுக்கெல்லாம் எடுத்துட்டுப் போகக் கூடாது” என்று அங்கீகாரம் பெற்ற வியாபாரி சொன்னால் அது சட்டம் அல்ல, அவர் விருப்பம். அப்படிப்பட்டவரிடம் வாங்கி ஏமாந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியது பெங்களூரில் என்றாலும், தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தனி ஆளிடம் நேரடியாக வாங்கினால் விலை குறையும், இந்தக் கதவும் மூடிவிடும். அவர் வியாபாரி அல்ல என்பதால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பழுதை அவர் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிப்பதும் நம் பாடு.

அதனால் தனி ஆளிடம் வாங்கும்போது டோக்கன் அட்வான்ஸ் ரசீதிலேயே நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளலாம்: ஓடோமீட்டர் எண், கியர்பாக்ஸில் செய்த வேலைகள், வெள்ள, விபத்துக் கிளெய்ம் உண்டா இல்லையா, என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகே மீதித் தொகை. எழுதித் தர மாட்டேன் என்பவரிடம் விலை பேசுவதில் அர்த்தமில்லை. எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் சர்வீஸ் பில் ஃபைலையும் கூடவே எடுத்து வந்து, “ரிவர்ஸ்ல மட்டும் கொஞ்சம் நடுங்கும் சார், பதினஞ்சாயிரம் குறைச்சுக்கங்க” என்று தாங்களாகவே சொல்லிவிடுகிறார்கள். கிளட்ச் மாற்ற ஆகும் செலவை ஷோரூமில் முன்பே கேட்டு வைத்திருந்தால், அந்தப் பதினைந்தாயிரம் போதுமா போதாதா என்று அங்கேயே பேசி முடித்துக்கொள்ளலாம்.